மண்ணுக்கு வந்த ஜுரம்

உச்சி வெயில். மொட்டை மாடியில், தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒரு எண்ணெய் டின்னுக்கு முன்னால் குந்தியிருக்கிறேன். டின்னில் ஒரு ரோஜாச் செடி. செடிக்கு அடியில் மண்ணில் குச்சியால் துளை போட்டு, அதற்குள் தெர்மாமீட்டரைச் செருகியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் நோயாளியின் நாக்குக்கு அடியில் வைப்போமே, அதே கண்ணாடிக் குச்சிதான். கண் கைக்கடிகாரத்தின் மேல் இருக்கிறது.

படியேறி வந்த வீட்டுக்கார அம்மா பச்சையம்மா, கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா பண்றே?"

"ஜுரம் பாக்குறேன்க்கா."

"யாருக்கு?"

"மண்ணுக்கு."

என்னை ஒரு பார்வை, டின்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கைப்பிடிச் சுவர் மேல் சாய்ந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்: "அடியே வள்ளி! ஒரு சொம்பு மோர் எடுத்து வையிடி! நர்ஸம்மாவுக்கு வெயில் தலைக்கு ஏறிப்போச்சு!"

கைராசி என்கிற சர்டிபிகேட்

போன வாரம் இந்தத் தொடரில், ஊசிக்குப் பயந்து ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாகக் குதித்த பயில்வானைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு என் மகன், "ஊரையே கிண்டல் பண்றியேம்மா, நீ மட்டும் ஒழுங்கா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அதனால் இந்த வாரம் என் முறை.

எழுபதுகள் முடியப்போகிற சமயம். வந்தவாசியிலிருந்து மாற்றலாகி, திருவண்ணாமலையில் பிரசவ வார்டில் வேலைக்குச் சேர்ந்தேன். செங்கம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், பச்சையம்மா அக்கா வீட்டு மாடி அறை கிடைத்தது. அவர் கணவர் ஏழுமலை அண்ணன் கடலைச் செக்கு வைத்திருந்தார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் சொந்த நிலம், அங்கிருந்து வேர்க்கடலை வரும். வீட்டில் எங்கே கை வைத்தாலும் எண்ணெய்ப் பிசுக்கு. மூலைக்கு மூலை காலி டின்னும் புண்ணாக்கு மூட்டையும்.

மலை அடிவாரத்து வீடு வேறு. பகலெல்லாம் வெயில் குடித்த பாறை, பொழுது சாய்ந்ததும் அதை எங்கள் பக்கம் ஊதும். மத்தியானத்தில் செருப்பில்லாமல் கிரிவலம் கிளம்புகிற வெள்ளைக்காரர்கள், தார் ரோட்டில் குதித்துக் குதித்து மர நிழலுக்கு ஓடுவதை மாடியிலிருந்து பார்த்துச் சிரிப்பேன். என் மாடித் தரையும் அப்படித்தான் கொதிக்கிறது என்று அப்போது தோன்றவில்லை.

நான் நன்றாகப் படித்தவள், கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. ஊருக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. ஒரே கேள்விதான்: "இதுக்குக் கைராசி இருக்குதா?"

எங்கள் வார்டில் ஸ்டெல்லா என்று ஒரு சிஸ்டர் இருந்தாள். அவள் ஊசி போட்டால் இரண்டு நாளைக்கு ஒரு பக்கமாகத்தான் உட்கார முடியும். ஆனால் வரிசை முழுக்க அவளிடம்தான் நிற்கும். ஏன் என்று கேட்டால், "வலிச்சா இன்னா? அந்தம்மா கை பட்டா நோவு நின்னுடுதே!" என்பார்கள். வலிக்காமல் ஊசி போடும் நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

வளைகாப்பில் வைத்த பரீட்சை

அக்காவின் மகள் வள்ளிக்குத் தலைப்பிரசவம். தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். வந்த நாளிலிருந்தே என் பின்னாலேயே சுற்றுவாள். "அக்கா, நீங்கதான் எனக்குப் பாக்கணும். வேற யாரு பாத்தாலும் நான் கத்தி ஊரைக் கூட்டிடுவேன்" என்பாள்.

பங்குனியில் வளைகாப்பு நடந்தது. வளையல் அடுக்கி முடித்ததும் ஏழுமலை அண்ணனின் தமக்கை, ஆரணியிலிருந்து வந்திருந்த கன்னியம்மா, என்னைக் கூப்பிட்டார். வெற்றிலைத் தட்டு, ஒரு பன்னீர் ரோஜாக் கன்று, மண் நிரப்பிய ஒரு எண்ணெய் டின்.

"எங்க ஊட்டு வழக்கம்மா இது. பிரசவம் பாக்கப்போறவ கையால ஒரு பூச்செடி நடணும். மாசம் நெருங்கறப்ப நான் வந்து பாப்பேன். தழைச்சிருந்தா நீ பாரு. இல்லேன்னா பொண்ண ஆரணிக்கு இட்டுகினு போயிடுவேன். அங்க நமக்குத் தெரிஞ்ச மருத்துவச்சி இருக்குது."

அட, இதென்ன பிரமாதம் என்று சிரித்துக்கொண்டே நட்டேன். வெயில் நன்றாகப் படட்டும் என்று மாடி நடுவில் கொண்டுபோய் வைத்தேன். கருங்கல் பாவிய தரை. அதன் மேல் தகர டின்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. சித்திரை பிறந்தது, இலை வெளிற ஆரம்பித்தது. நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, ரத்த சோகை! பிரசவ வார்டு நர்ஸுக்கு வேறு என்ன தோன்றும்?

வார்டில் ரத்தம் ஊறுவதற்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுப்போம். வயிறு கருக்குகிறது என்று பாதிப் பெண்கள் அதை வாதாம் மரத்தடியில் வீசிவிட்டுப் போவார்கள். நான் அதைப் பொறுக்கி வந்து, இடித்து, தண்ணீரில் கரைத்து ரோஜாவுக்கு ஊற்றினேன். சிரிக்காதீர்கள். காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை, நோயாளிக்குக் கொடுக்கிற மாதிரியே கொடுத்தேன்.

இன்னும் மஞ்சள்தான். டீத்தூள் போட்டேன், முட்டை ஓடு நொறுக்கிப் போட்டேன், மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினேன். ஒரு கை யூரியாகூடத் தூவினேன். இலை ஓரம் கருகிச் சுருண்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான்.

குழாயடியில் கேட்டது

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஒரு நாள் டூட்டிக்குக் கிளம்பும்போது குழாயடியில் பச்சையம்மா அக்காவின் குரல் கேட்டது. "அந்தச் செடி பட்டுகினே போவுதுடி. அதோட கையி அப்படி ஆயிடுச்சே, நான் இன்னா பண்ணுவேன்?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கோபம் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அழுகைதான் வந்தது. அன்றிலிருந்து அக்காவோடு பேச்சை நிறுத்தினேன். காபி கொடுத்தால், "குடிச்சிட்டேன்" என்று பொய் சொல்லிவிட்டு மாடியேறிவிடுவேன்.

கைராசியைக்கூட விட்டுத் தள்ளலாம். என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு ஒன்று. வள்ளிக்குக் கால் வீங்கியிருந்தது. பிரஷர் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. "இந்தப் பொண்ணு ஆஸ்பத்திரிய விட்டுத் தூரமாப் போகக் கூடாது" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இவளை நிறைமாதத்தில், அக்னி நட்சத்திரத்தில், பஸ்ஸில் போட்டு ஆரணிக்குக் குலுக்கிக்கொண்டு போய், வீட்டில் பிரசவம் பார்க்கப்போகிறார்களாம். எதற்காக? ஒரு ரோஜாச் செடி மஞ்சளடித்ததற்காக.

ஏழுமலை அண்ணனிடம் எடுத்துச் சொன்னேன். அவர் பாவம், "எங்க அக்கா பேச்ச மீற முடியாதும்மா" என்று சொல்லிவிட்டு செக்குப் பக்கம் போய்விட்டார்.

ஆக, அந்தச் செடி பிழைத்தே தீர வேண்டும்.

கஞ்சி வேண்டாம் என்ற பெண்

வழி பிறந்தது வார்டில். பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்கு நூற்று நாலு டிகிரி ஜுரம். அவளுடைய மாமியார், கரண்டி கரண்டியாகக் கஞ்சியை வாயில் திணிக்கிறாள். உள்ளே போனதெல்லாம் என் புடவை மேல் வருகிறது. எரிச்சலில் கத்தினேன்:

"ஏம்மா, ஒடம்பு அனலாக் கொதிக்குது, அதுக்குச் சோறு எப்படி எறங்கும்? மொதல்ல ஜுரம் எறங்கட்டும். அப்புறம் அதுவே கேட்டு வாங்கிச் சாப்பிடும்!"

சொல்லி முடித்ததும் எனக்கே உறைத்தது. செடிக்கு எது வாய்? வேர்தானே? அந்த வாய் எங்கே இருக்கிறது? கருங்கல் தரையில், தகர டின்னுக்குள் இருக்கிறது. கொதிக்கிற வாயில் நான் கஞ்சி திணித்துக்கொண்டிருக்கிறேன்!

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகத் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். இப்போது முதல் காட்சிக்கு வந்துவிட்டோம்.

மோர் வந்தது. நான் குடிக்கவில்லை. மண்ணுக்குள் பாதரசம் சரசரவென்று ஏறி, நூற்றெட்டு என்கிற கடைசிக் கோட்டைத் தொட்டது. வெடித்துத் தொலையுமோ என்று வெடுக்கென்று உருவி எடுத்தேன்.

"பாருங்கக்கா! மனுசனா இருந்தா இந்நேரம் ஜன்னி கண்டிருக்கும். இந்தச் சூட்டுல வேர் எப்படிச் சாப்பிடும்? நான் பாட்டுக்கு மாத்திரையும் உரமும் கொட்டியிருக்கேன். சாப்பிட முடியாதவளுக்கு ஊட்ட ஊட்ட அது வெஷம்!"

பச்சையம்மா அக்காவின் முகம் செத்துப்போயிற்று. கொதிக்கிற தரையில் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டே, "அப்போ நான் ஊத்துனது?" என்றார்.

"நீங்க இன்னா ஊத்துனீங்க?"

"புண்ணாக்குத் தண்ணி. தெனம் நீ டூட்டிக்குப் போனதும் ஒரு குண்டான் ஊத்துவேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன்க்கா? அது சாகணும்னா?"

"அடிப்பாவி!" என்று அலறினார். "தழைக்கட்டும்னுதான்டி ஊத்துனேன்! எம்பொண்ண ஆரணிக்கு அனுப்பிட்டு நான் இங்க உசுரோட இருப்பேனா? நீ பக்கத்துல இருந்தாத்தான் எனக்கு தைரியம். செடி பட்டுடுச்சுன்னா எங்க நாத்தனாரு உடமாட்டாங்களேன்னு, குழாயடியில போறவங்க வரவங்க கிட்டல்லாம் சொல்லி அழுதுகினு இருக்கேன். நீ இன்னாடான்னா காப்பி குடுத்தாக்கூட மூஞ்சத் திருப்பிக்கறே!"

ஆக, நான் ஒரு பக்கம் இரும்பு, அவர் ஒரு பக்கம் புண்ணாக்கு. போட்டி போட்டுக்கொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே செடியைப் பாசத்தாலேயே கொன்றுகொண்டிருந்திருக்கிறோம். இருவரும் சிரித்தோம். சிரித்துச் சிரித்து அவருக்கும் கண்ணில் நீர், எனக்கும் கண்ணில் நீர். அதில் எது சிரிப்பில் வந்தது, எது அழுகையில் வந்தது என்று கேட்காதீர்கள்.

அந்த மோரை இருவரும் பாதிப் பாதி குடித்தோம்.

பானைக்குள் டின்

வைத்தியம் வீட்டிலேயே இருந்தது. கோடையில் குடிதண்ணீர்ப் பானையை ஈர மணல் மேல் வைக்கிறோமே, அதுதான். வாய் உடைந்த பெரிய பானை ஒன்று கிணற்றடியில் கிடந்தது. டின்னைக் கீழே கொண்டுவந்து அதற்குள் இறக்கி, சுற்றிலும் மணல் நிரப்பினோம். டின்னின் மண் மேல் தேங்காய் நார் பரப்பினோம். கிணற்றடி, காலை வெயில் மட்டும் படுகிற இடம். மணலுக்கு இரண்டு வேளை தண்ணீர். செடிக்கு வெறும் கிணற்றுத் தண்ணீர், அதுவும் சாயங்காலம் மட்டும். மாத்திரை, மீன், புண்ணாக்கு எல்லாம் கட்.

மறுநாள் மத்தியானம் தெர்மாமீட்டரை உதறிச் செருகினேன். பாதரசம் அசையவே இல்லை. "ஜுரம் எறங்கிடுச்சுக்கா!" என்று நான் கத்த, அக்கா வீட்டுக்குள்ளிருந்தே கையெடுத்து மலையைக் கும்பிட்டார்.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை சொல்லியாக வேண்டும். சில வருடம் கழித்து, ஒரு விவசாய அதிகாரியின் மனைவி பிரசவத்துக்கு வந்திருந்தாள். மனிதர் வராந்தாவில் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார். பேச்சு கொடுத்தால் பயம் தெளியுமே என்று இந்த ரோஜாக் கதையைச் சொன்னேன். அவ்வளவுதான், மனைவியையே மறந்துவிட்டார்.

"வேருன்னா சும்மா உறிஞ்சற குழாய் இல்ல சிஸ்டர். அதுவும் மூச்சு விடுது, வேலை செய்யுது. சூடு ஜாஸ்தியானா அதோட மூச்சுக்கே காத்து பத்தாது, நுனி வேரு கருகிடும். அப்புறம் எவ்வளவு உரம் போட்டாலும் உள்ள போகாது, மண்ணுல உப்பாத்தான் சேரும்."

"அப்போ குளுர்ல நல்லா எடுக்குமா சார்?"

"அங்கதான் இருக்குது வேடிக்கை. குளுரு ஜாஸ்தியானாலும் வேரு சோம்பிப் போயிடும். கீழ்பென்னாத்தூர் பக்கம் மார்கழியில நாத்தங்கால் பாருங்க. பனியில தண்ணி சில்லுனு நிக்கும், நாத்து மஞ்சளடிச்சு வளராம நிக்கும். சத்து மண்ணுலதான் இருக்குது, ஆனா வேரு எடுக்காது. நம்ம ஆளுங்க மூட்டை மூட்டையா உரத்தக் கொட்டுவாங்க. தை பொறந்து வெயில் ஏறினதும் தானாப் பச்சையாயிடும். பேரு மட்டும் உரத்துக்குப் போயிடும்!"

உள்ளேயிருந்து குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. "சார், அப்பா ஆயிட்டீங்க" என்றேன். "ஒரு நிமிசம் சிஸ்டர், இத முடிச்சிடறேன்" என்றார் மனிதர். கதைக்குத் திரும்புவோம்.

வாய மூடிகினு காப்பி குடி

ஜுரம் இறங்கினாலும் உடம்பு தேற நாளாகும் இல்லையா? என் ரோஜாவும் அப்படித்தான். மஞ்சள் இலையெல்லாம் உதிர்ந்து, முள்ளும் குச்சியுமாக நின்றது. துளிர் ஒன்றுகூட இல்லை. அதற்குள் கன்னியம்மா வருகிற நாள் வந்துவிட்டது.

அன்று எனக்குக் காலை டூட்டி. வார்டில் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. வள்ளி பெட்டியோடு வாசலில் நிற்பாள் என்று நினைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். கன்னியம்மா மாடிப்படியிலிருந்து விசிறிக்கொண்டே இறங்கி வந்தார்.

"பரவால்லம்மா, உனக்குக் கைராசி இருக்குது! நல்லாத் தழைச்சு மொட்டுகூட உட்டுருக்குது."

மொட்டா? நான் படி தாண்டி மாடிக்கு ஓடினேன். பழைய இடத்திலேயே ஒரு எண்ணெய் டின். அதில் கொழுகொழுவென்று ஒரு ரோஜாச் செடி, இரண்டு மொட்டு. டின்னில் புத்தம் புதுச் செம்மண். என் செடியின் மண்ணோ, புண்ணாக்கு ஊறிக் கறுத்துப்போனது. மாடியிலிருந்து கிணற்றடியை எட்டிப் பார்த்தேன். என் பானை மேல் ஒரு பெரிய கூடை கவிழ்த்துக் கிடந்தது.

கீழே வந்தேன். பச்சையம்மா அக்கா என் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை நீட்டினார்.

"அக்கா..."

"வாய மூடிகினு காப்பி குடி."

குடித்தேன். கன்னியம்மா பஸ் ஏறிப் போன பிறகு, சமையல்கட்டில் மெதுவாகக் கேட்டேன்.

"சாமி குத்தம் ஆயிடாதாக்கா?"

"சாமிகிட்ட காலைலயே சொல்லிட்டேன்" என்றார், வெங்காயம் அரிந்துகொண்டே. "நாத்தனாருகிட்டதான் சொல்லல."

கூடையைத் தூக்கியபோது

வைகாசியில், ஒரு நாள் விடிகாலை வள்ளிக்கு வலி எடுத்தது. நல்லவேளை, ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்தது. பிரஷர் எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. டாக்டரம்மாவும் நானும் பட்ட பாட்டை எழுதினால் பிரசவத்துக்குக் காத்திருக்கிற பெண்கள் பயந்துவிடுவார்கள், எழுதமாட்டேன். வள்ளி என் கையை விடவே இல்லை. சொன்ன மாதிரியே கத்தி ஊரைக் கூட்டினாள். மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. அதன் முதல் அழுகையைக் கேட்டதும், அத்தனை பிரசவம் பார்த்த நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆரணி பஸ்ஸில் இது நடந்திருந்தால் என்ற நினைப்பு இன்றைக்கும் வரும்.

தாயும் பிள்ளையும் வீடு திரும்பினார்கள். ஆலம் சுற்றி முடித்ததும் பச்சையம்மா அக்கா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனார். வள்ளியோடு வார்டிலேயே கிடந்ததில் நான் செடியை மறந்தே போயிருந்தேன். மணலுக்குத் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றியது அவர்தான். வெயிலுக்காக மறுபடி மூடியிருந்த கூடையைத் தூக்கினார். முள்ளுக் குச்சியில் செம்பு நிறத்தில் கொழுந்து, அடியிலிருந்து நுனிவரை!

"பாத்தியா!" என்றார், என்னவோ அவரே பெற்ற மாதிரி.

துணி காயப்போட மாடிக்குப் போனோம். அங்கே கன்னியம்மா மெச்சிய கடைச் செடி, மொட்டு உதிர்ந்து, நரம்பு மட்டும் பச்சையாக, மஞ்சளடித்து நின்றது.

கைராசி, கெட்ட காலம் என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அக்கா குனிந்து டின்னைத் தொட்டார், சுரீரென்று கையை உதறிக்கொண்டார்.

"இதுக்கும் ஜுரம்டி. புடி அந்தப் பக்கம், கீழ எறக்கலாம்."

முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கொதிக்கிற தரையில் குதித்துக் குதித்து, இருவரும் அதையும் கிணற்றடிக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். அதுவும் பிழைத்தது.

அந்த வருடம் ஆவணியில், அடுத்த தெருவிலிருந்து ஒரு அம்மா மகளுக்காக வந்தார். கன்னியம்மா எங்கெங்கே போய் என்ன சொன்னாரோ தெரியாது. கையில் வெற்றிலைத் தட்டு, தட்டில் ஒரு மல்லிகைக் கன்று. "கைராசிக்கார நர்ஸம்மா வூடு இதுதானே?" என்று அவர் வாசலில் கேட்டது எனக்கு மாடிவரை கேட்டது. நான் இறங்குவதற்குள் பச்சையம்மா அக்கா முந்திக்கொண்டார்.

"செடியெல்லாம் நடாதும்மா அது. பிரசவம்தான் பாக்கும். பொண்ண இட்டுகினு வா."